ஒத்திகை அறையில் ஒரு நாற்காலி கூடும்போது

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் பின்புறம் இருந்த தகரக் கூரைக் கிடங்குதான் எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை அறை. மழை வலுத்தால் கூரையின் இரைச்சலில் டிரம்ஸ் சத்தம்கூடக் கேட்காது. மழை விடும்வரை வாத்தியங்களை இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். அந்த அறையில் முதல் இரண்டு ஆண்டுகள் நான் டிரம்ஸ் வாசிப்பவரின் மனைவியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு அங்கே இருந்த பெயர் ‘அண்ணி’ மட்டும்தான். பிறகு ஆறு ஆண்டுகள் அதே அறையில் கீபோர்டு வாசித்தேன். நான் குழுவுக்குள் வந்த பிறகு அந்த நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தார். குழு கலைந்தபோது அவரால்தான் கலைந்தது என்று ஊர் சொன்னது; சில மாதங்கள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கங்களில் ரிசார்ட்டுகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளிலும் வாசிக்கும் இளம் குழுக்களைப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழுவில் ஒருவருக்குக் காதலியோ கணவரோ வந்த பிறகு மனக்கசப்பு தொடங்கிவிட்டது, என்ன செய்வது? உலகப் புகழ் பெற்ற ராக் குழுக்களில் நடந்தவற்றையும் எங்கள் கிடங்கில் நடந்ததையும் சேர்த்து வைத்து, அதற்கு என்னால் முடிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

பழைய வழக்கைத் தேதியோடு படியுங்கள்

இந்தப் பேச்சு எழுந்தவுடன் வந்து விழும் முதல் பெயர், பின்னாளில் ஜான் லென்னனின் மனைவியான யோகோ ஓனோ. ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரின் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவை உடைத்தவர் அவர் என்று, அந்தக் குழுவின் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்காதவர்களும் சொல்வார்கள். உங்கள் குழுவில் எதையும் செய்வதற்கு முன், நடந்தவற்றை வரிசைப்படி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டு 27 அன்று, 32 வயதில் இறந்தார். ஒப்பந்தம், பணம், பயண ஏற்பாடு, நால்வருக்கிடையே எழும் உரசல் ஆகிய எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய இடத்துக்கு உடனடியாக யாரும் வரவில்லை. 1968 பிப்ரவரியில் நால்வரும் ரிஷிகேஷ் வந்தபோது மூவர் மனைவியரோடு வந்தார்கள். பால் மெக்கார்ட்னி தமக்கு நிச்சயமாகியிருந்த ஜேன் ஆஷரோடு வந்தார். துணைகள் சூழ இருந்த அந்த வாரங்களில்தான் அவர்கள் ஏராளமான பாட்டுகளை எழுதினார்கள். எனவே துணைவியர் பக்கத்தில் இருந்தாலே படைப்பு கெட்டுவிடும் என்ற வாதம் ரிஷிகேஷிலேயே அடிபட்டுப் போகிறது.

அதே ஆண்டு மே மாத இறுதியில், பின்னாளில் ‘வெள்ளை ஆல்பம்’ என்று பெயர் பெற்ற இசைத்தொகுப்பின் ஒலிப்பதிவு தொடங்கியபோது, ஜான் லென்னனின் பக்கத்தில் யோகோ உட்காரத் தொடங்கினார். ஒலிப்பதிவு நேரத்தில் மனைவியரும் காதலியரும் அறைக்குள் இருப்பதில்லை என்பது அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். அந்த வழக்கம் யாரிடமும் கேட்கப்படாமலேயே மாறியது. மற்ற மூவருக்கும் அது நெருடலாக இருந்தது உண்மை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஆகஸ்டு மாதம் குழுவை விட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் விலகிப் போன ரிங்கோ ஸ்டார் சொன்ன காரணம் வேறு. தாம் சரியாக வாசிக்கவில்லை என்றும், மற்ற மூவரும் நெருக்கமாக இருக்கத் தாம் மட்டும் வெளியே நிற்பதாகவும் அவருக்குத் தோன்றியது. அவர் திரும்பி வந்தபோது அவருடைய டிரம்ஸைப் பூக்களால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். 1969 ஜனவரி 10 அன்று ஜார்ஜ் ஹாரிசன் வெளியேறினார். வெள்ளை ஆல்பத்தில் இருந்த 30 பாட்டுகளில் அவருடையவை நான்கு. எழுதிக் குவித்த பாட்டுகளுக்கு இடமில்லாமல், கிடார் வாசிப்பதற்கும் ஆலோசனை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த ஒருவரின் பொறுமை அங்கே முடிந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் தனியாக மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பையே வெளியிட்டார் என்பதைப் பார்த்தால், அவருக்குள் எவ்வளவு தேங்கியிருந்தது என்பது விளங்கும்.

அடுத்து வந்தது பணம். எப்ஸ்டீன் இல்லாத வெற்றிடத்தில் யாரை நிர்வாகியாக வைப்பது என்ற கேள்வியில் லென்னன், ஹாரிசன், ஸ்டார் மூவரும் அமெரிக்க இசை நிர்வாகியான ஆலன் கிளைன் பக்கம் நின்றார்கள். மெக்கார்ட்னி தாம் மணக்கவிருந்த லிண்டாவின் தந்தையும் அண்ணனுமான ஈஸ்ட்மன் வழக்கறிஞர்களை முன்வைத்தார். 1969 மார்ச் 12 அன்று பால் – லிண்டா திருமணம்; மார்ச் 20 அன்று ஜான் – யோகோ திருமணம். செப்டம்பரில் லென்னன் தாம் விலகுவதாகக் குழுவுக்குள் சொல்லிவிட்டார். 1970 ஏப்ரலில் மெக்கார்ட்னியின் அறிவிப்பால் செய்தி ஊருக்குத் தெரிந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அவர் லண்டன் உயர் நீதிமன்றத்தில் கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி வழக்குத் தொடுத்தார்.

இந்த வரிசையில் எனக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு. குழுவை நீதிமன்றம் வரை கொண்டுபோன நிர்வாகத் தகராற்றில் ஒரு தரப்பு, லிண்டாவின் பிறந்த வீடு. அதற்காக லிண்டாவைக் குற்றம் சொல்ல வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆனால் உலகம் பழி சுமத்தியது, செய்தித்தாள் படித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த ஜப்பானியப் பெண்ணின் மேல். அவர் லென்னனைச் சந்திப்பதற்கு முன்பே பெயர் பெற்ற கலைஞர் என்பதைக்கூடப் பலர் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய இனத்தையும் தோற்றத்தையும் பத்திரிகைகள் இழிவாக எழுதின. ஆம்ப்ளிஃபயர் மேல் யோகோ உட்கார்ந்ததால் குழு உடைந்தது என்று 50 ஆண்டு கழித்துச் சொல்வார்கள், எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று மெக்கார்ட்னியே 1969 ஜனவரியில் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அந்த ஜனவரியின் காட்சிகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆவணப்படத்தில் அதைக் கேட்கலாம். அவர் சொன்னபடியே நடந்தது.

உங்கள் குழுவுக்கும் இதே முறையில் ஒரு தாளில் தேதி போட்டு எழுதிப் பாருங்கள். புதியவர் வந்த நாள் எது, அதற்கு முன் நடந்த சண்டைகள் எவை, பின் நடந்தவை எவை, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று எழுத வேண்டும். ஒருவர் எழுதி மற்றவர்களிடம் காட்டுவது உதவாது. ஒவ்வொருவரும் தனியாக எழுதிப் பிறகு சேர்ந்து படிக்க வேண்டும். முன்பே இருந்த சண்டைகள் எத்தனை என்று பார்க்கும்போது சிலருக்கு முகம் மாறும்.

கேட்டவரை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடியுங்கள்

எங்கள் குழுவில் ஐந்து பேர். பேஸ் கிடார் வாசித்த தம்பிக்குக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. சனிக்கிழமை பேருந்தில் மலையேறி வந்து, நான் காலி செய்த அதே நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் குன்னூர்ப் பக்கம் நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் வண்டியில் திரும்பும்போது அவர் கேட்டார்: “அண்ணி, இன்னிக்கு அவங்க எவ்வளவு குடுத்தாங்க? எப்படிப் பிரிக்கிறீங்க?”

வண்டியில் யாரும் பேசவில்லை. எனக்குப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. பணத்தை வாங்குவதும், வண்டி வாடகை போக மீதியைப் பகிர்வதும் பாடகரின் பொறுப்பாக இருந்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கணக்கு அவருடைய மனத்தில் மட்டும் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் எட்டு ஆண்டுகளில் நாங்கள் ஒருவரும் கேட்கத் துணியாததை ஆறு மாதம் பழகிய ஒருவர் கேட்டுவிட்டார் என்பதால், எங்களுக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்தது. பாடகருக்கு அவமானமாக இருந்தது. தம்பிக்கு இரு பக்கமும் நெருக்கடி. எட்டு மாதத்தில் குழு கலைந்தது. அன்று வீடு சேர்ந்ததும் நாங்கள் ஐவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்கை எழுதியிருந்தால், அந்தக் கேள்வி அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஆகவே துணைவர் ஒருவர் குழுவைப் பற்றி ஏதாவது கேட்டால், “உனக்கு எதற்கு இது” என்று சொல்வதற்கு முன், அந்தக் கேள்விக்குக் குழுவிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக வரும் கேள்விகள் நான்கைந்துதான்: பணம் எப்படிப் பிரிகிறது, பாட்டு யாருடையது, நாளைக் குறிப்பவர் யார், வாத்தியம் பழுதானால் செலவு யாருடையது, ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவருடைய பங்கு என்ன ஆகும். இவற்றுக்குப் பதில் எழுதி வைத்த குழுவில், துணைவர் கேட்டால் நோட்டை எடுத்துக் காட்டலாம்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 24,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை, சாப்பாடு போன்ற அன்றைய செலவை முதலில் கழித்துவிட்டு, மீதியை ஐந்தாக அல்லாமல் ஆறாகப் பிரித்து, ஆறாவது பங்கைக் குழுவின் பொதுக் கணக்கில் போடும்படி நான் இளம் குழுக்களிடம் சொல்கிறேன். நீலகிரியின் ஈரத்தில் கிடார்க் கம்பி துருப்பிடிக்கும், ஸ்பீக்கர் பூஞ்சை பிடிக்கும், மரக் கழுத்து வளையும். அந்தச் செலவைத் தனி ஒருவர் சுமக்கத் தொடங்கும் நாளில் அவருடைய வீட்டில் பேச்சு எழும், அந்தப் பேச்சு நியாயமானதாகவும் இருக்கும். கணக்கை எழுதுபவரும் பணத்தை வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். யாருடைய கைபேசி எண்ணுக்கு அட்வான்ஸ் வந்தாலும் அன்றிரவே குழுவின் வாட்ஸ்அப்பில் தொகையைப் போட்டுவிட வேண்டும்.

சொந்தப் பாட்டு எழுதும் குழுக்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் வரிகளையும் இசையையும் தனித்தனிப் படைப்புகளாகவே கருதுகிறது. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டியைச் சட்ட வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. மனைவியும் கணவரும் வாரிசுகள். பாட்டு யாருடையது என்று கேட்கும் துணைவருக்கு அதில் அக்கறை கொள்ளச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. ஒரு பாட்டு உருவான அன்றே, வரி யாருடையது, மெட்டு யாருடையது, கிடார்ப் பகுதியை யார் அமைத்தார்கள் என்று தேதியோடு எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள். ஹாரிசனுக்குக் கிடைக்காமல் போன இடத்தைப் பற்றி யோசிப்பவர்கள், ஒவ்வொரு ஒத்திகையிலும் குறைவாகப் பேசும் ஆளின் பாட்டை ஒருமுறையாவது முழுதாக வாசித்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

அறையும் வண்டியும்

துணைவர் ஒத்திகைக்கு வரலாமா என்ற கேள்விக்கு எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் எந்தப் பதிலாக இருந்தாலும் அதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒத்திகையில் இரண்டு வகை உண்டு. தெரிந்த பாட்டுகளை நிகழ்ச்சிக்காக ஓட்டிப் பார்ப்பது ஒரு வகை. அதற்கு யாரும் வரலாம், கேட்க ஆளிருந்தால் வாசிப்பும் நன்றாக அமையும். புதிய பாட்டை உருவாக்குவது இன்னொரு வகை. அங்கே ஒருவர் பத்து முறை தப்பாகப் பாடுவார், இன்னொருவர் “இது நன்றாக இல்லை” என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். தன் மனைவியின் முன்னால், தன் காதலன் முன்னால், அப்படிச் சொல்லப்படுவதைத் தாங்குவது எல்லோராலும் இயலாது. ஆகவே அந்த நாட்களில் ஐந்து பேர் மட்டும் இருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாருடைய துணைக்கும் அது ஒன்றுபோலப் பொருந்த வேண்டும். என் கணவர் குழுவில் மூத்தவர் என்பதால் நான் மட்டும் உள்ளே இருந்ததும், பின்னால் வந்த பெண்ணைப் பற்றி மட்டும் முணுமுணுத்ததும் அநியாயம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

சில நேரம் வெளியாள் வருவதே மருந்தாகவும் இருக்கும். ஹாரிசன் திரும்பி வந்த பின், 1969 ஜனவரி 22 அன்று பில்லி பிரஸ்டன் கீபோர்டு வாசிக்க வந்ததும் அந்த அறையின் சூழலே மாறியது. விருந்தாளி முன்னால் நால்வரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். அதே நாட்களில் லிண்டாவின் சிறு மகள் ஸ்டுடியோவுக்குள் ஓடியாடியபோது எல்லாருடைய முகமும் மலர்ந்ததை அந்த ஆவணப்படத்தில் பார்க்கலாம்.

அறைக்கு வெளியே மலைக்காரர்களாகிய நமக்குப் பெரிய தலைவலி வண்டி. சுமோவில் ஐந்து பேரும் வாத்தியங்களும் ஏறினால் இடம் நிரம்பிவிடும். ஆறாவது ஆள் ஏறினால் ஏதாவது ஒரு ஆம்ப் மேலே கேரியருக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் மழை பிடித்துக்கொண்டால் தார்பாயையும் மீறி அது நனையும். நனைந்த ஆம்ப்பின் சொந்தக்காரர் அந்த ஆறாவது ஆளை மன்னிக்க நாளாகும். இதைத் தடுக்க ஒரே வழி, இடத்தை முன்பே எண்ணுவதுதான். துணைவர் வருவதாக இருந்தால் மூன்று நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். தனி வண்டி வைத்தால் அந்தச் செலவு அந்த இணையுடையது. ரிசார்ட்டில் தரும் அறைகளும் அப்படியே. மைசூரிலோ பெங்களூருவிலோ வாசித்துத் திரும்பும்போது, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைக் கூட வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லுங்கள். அந்தக் கணக்கு தெரியாமல் ஒருவர் கடைவீதியில் தாமதித்ததால் இரவு முழுவதும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அந்த இரவில் பேசப்பட்ட சொற்களை இன்றும் யாரும் மறக்கவில்லை.

நாட்காட்டி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏப்ரல், மே மாத சீசன், ஆயுத பூஜையை ஒட்டிய இரண்டாம் சீசன், கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவு ஆகியவைதான் நம் குழுக்களுக்கு வருமானம் தரும் நாட்கள். வீட்டில் இருப்பவர் துணையோடு இருக்க ஆசைப்படும் நாட்களும் அவையே. படுகர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஹெத்தையம்மன் பண்டிகையும் டிசம்பர், ஜனவரியில்தான் வரும். அந்த நாளில் ஊரில் இல்லாமல் மேடையில் நிற்பதை எந்த வீடும் எளிதில் ஏற்காது. ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லா வீடுகளின் திருமண நாள், திருவிழா, குழந்தையின் பிறந்தநாள் எல்லாவற்றையும் ஒரு நாட்காட்டியில் குறித்து, ஆளுக்கு இரண்டு நாள் நிகழ்ச்சி ஏற்பதில்லை என்று ஒதுக்கிவிடுங்கள். அந்த நாட்காட்டியின் ஒரு படி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

துணைவர் வேலை செய்தால்

குழுவுக்குக் காணொளி எடுப்பது, சமூக ஊடகப் பக்கத்தைக் கவனிப்பது, ரிசார்ட் மேலாளர்களோடு பேசுவது, ஒலிபெருக்கிப் பலகையில் நிற்பது என்று பல வேலைகளைத் துணைவர்கள் செய்கிறார்கள். பெரும்பாலும் கூலியில்லாமல் செய்கிறார்கள். அண்ணி டீ போட்டுத் தருவார், அண்ணி துணிமணி பார்த்துக்கொள்வார் என்று சொல்லும் குழு, அதே அண்ணி ஒரு கருத்துச் சொன்னால் “நீங்கள் குழுவில் இல்லையே” என்று சொல்லும்போது உண்டாகும் காயத்தை நான் இரண்டு ஆண்டுகள் சுமந்திருக்கிறேன். வேலை வாங்கினால் அந்த வேலைக்குப் பெயர், கூலி, எல்லை மூன்றையும் எழுதுங்கள். காணொளி எடுப்பவருக்குக் காணொளி பற்றிய முடிவில் சொல் உண்டு. பாட்டு வரிசையில் இல்லை. கூலி தர இயலாவிட்டால் வேலை வாங்காதீர்கள்.

ஒரே ஒரு பொறுப்பை மட்டும் எந்த உறுப்பினரின் துணைக்கும், துணையின் உறவினருக்கும் தர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்: ஐவரின் பணத்தைக் கையாளும் பொறுப்பு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சந்தேகம் வந்தால் அவரைக் கேள்வி கேட்பது ஒரு குடும்பத்தையே கேள்வி கேட்பதாகிவிடும். ஈஸ்ட்மன் வழக்கறிஞர்கள் திறமையானவர்கள். கிளைனைப் பற்றி மெக்கார்ட்னி கொண்ட சந்தேகத்திலும் பொருள் இருந்தது. 1973-இல் மற்ற மூவரும் கிளைனை விட்டுப் பிரிந்தார்கள். இருந்தும், வருங்கால மாமனார் வீட்டாரிடம் தங்கள் கணக்கை ஒப்படைக்க அந்த மூவரும் தயங்கியதை யாராலும் புரிந்துகொள்ள முடியும். பெயர் கெடாத வெளியாள் ஒருவரைக் கூலிக்கு வைப்பது எல்லா வகையிலும் மலிவு.

இணை இருவரும் குழுவுக்குள் இருந்தால்

என் நிலை இதுதான் என்பதால் கூடுதலாகவே யோசித்திருக்கிறேன். ஃப்ளீட்வுட் மேக் குழு 1976-இல் கலிஃபோர்னியாவில் ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தபோது, ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் மணவாழ்க்கையை முறித்துக்கொண்டிருந்தார்கள்; லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள்; மிக் ஃப்ளீட்வுட்டின் வீட்டிலும் முறிவு. தன்னை விட்டுப் போனவர் தன்னைப் பற்றி எழுதிய பாட்டுக்கு ஒருவர் பின்னணி பாட வேண்டியிருந்தது. 1977 பிப்ரவரியில் வெளியான அந்த இசைத்தொகுப்பு நான்கு கோடிக்கு மேல் விற்றது. இதைச் சொல்லி, காதல் முறிவு நல்ல பாட்டைத் தரும் என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. அந்தக் காயங்கள் ஆறவில்லை. 1987-இல் பக்கிங்ஹாம் சுற்றுப்பயணத்துக்கு முன் விலகினார், திரும்பி வந்தார், 2018-இல் குழுவே அவரை நீக்கியது. ஆண்டுக்கணக்கில் ஒரே மேடையில் அந்த வலியை வாசித்துக் காட்டுவது எளிய வாழ்க்கை அல்ல.

ஆபா குழுவில் இரண்டு இணைகள். அக்னெத்தாவும் பியோர்னும் பிரிந்த செய்தி 1979 தொடக்கத்தில் வந்தது. பென்னி – ஃபிரிடா பிரிவு 1981-இல். அதன் பிறகும் அவர்கள் சேர்ந்து பதிவு செய்ய முடிந்ததற்கு வேலைப் பிரிவு தெளிவாக இருந்ததே காரணம் என்பது என் எண்ணம். எழுதி இசையமைப்பது அந்த இரு ஆண்கள், பாடி உயிர் கொடுப்பது அந்த இரு பெண்கள். மணவாழ்க்கை போன பின்னும் செய்வதற்கு வேலை அப்படியே இருந்தது. ஜாக் வைட், மெக் வைட் இருவர் மட்டும் கொண்ட வைட் ஸ்ட்ரைப்ஸ் குழு, 2000-இல் அவர்கள் மணமுறிவு பெற்ற பிறகுதான் உலகப் புகழ் பெற்றது. இதற்கு மாறாக, 1981 முதல் இயங்கிய சோனிக் யூத் குழு, கிம் கார்டன் – தர்ஸ்டன் மூர் இணை 2011-இல் பிரிந்ததும் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக்கொடுத்துவிட்டு நின்றது. அங்கே மணவாழ்க்கையே வீட்டின் உத்தரம். அது போனபின் கூரை நிற்காது.

குழுவுக்குள் இருக்கும் இணை முதலில் கற்க வேண்டியது, தனித்தனியாக வாக்களிப்பது. என் கணவரும் நானும் ஒவ்வொரு முடிவிலும் ஒரே பக்கம் நின்றோம். ஐந்தில் இரண்டு எப்போதும் சேர்ந்தே இருந்தால் மற்ற மூவரும் கூடிப் பேச வெளியே போவார்கள், போனார்கள். ஒத்திகையில் எழும் சண்டையை வீட்டுக்குக் கொண்டுபோவது தவிர்க்க முடியாதது. ஆனால் இரவு வீட்டில் இருவரும் எடுத்த முடிவை மறுநாள் குழுவின் முடிவாக அறிவிப்பதைத் தவிர்க்கலாம். மேடையில் என் தாளம் தவறினால் அவர் என்னைப் பார்த்து முறைப்பார். மற்றவர் தவறினால் சிரிப்பார். அதைக் கவனித்துச் சொன்னவர் பேஸ் வாசித்த தம்பி. அதன் பிறகு, நிகழ்ச்சி பற்றிய குறைகளை மறுநாள் காலைக்கு முன் யாரும் பேசக் கூடாது என்று விதித்துக்கொண்டோம். எங்கள் விதிகளில் கடைசிவரை நிலைத்த விதி அது ஒன்றுதான்.

பிரிய நேர்ந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில குழுக்கள் கலையும். அப்போது, ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகளை முடிப்பதா, அட்வான்ஸைத் திருப்புவதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். பொதுப் பணத்தில் வாங்கிய மிக்ஸர், ஸ்பீக்கர், மைக் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, விலை மதித்து, எடுத்துக்கொள்பவர் மற்றவருக்குப் பங்கு தரட்டும். பாட்டு நோட்டின் படியை எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சொல்லும் காரணத்தை ஒரே தாளில் இரண்டு மூன்று வரியில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தாளில் எந்த வீட்டுப் பெண்ணின் பெயரும், எந்தக் கணவரின் பெயரும் வர வேண்டாம், யாராவது கேட்டாலும் அந்த வரிகளுக்கு மேல் பேச வேண்டாம். பீட்டில்ஸ் பிரிந்தபோது நால்வரும் சேர்ந்து அப்படி ஓர் அறிவிப்பு தராததால், அந்த இடத்தை வதந்தி நிரப்பியது.

நாங்கள் அப்படி ஒரு தாளை எழுதவில்லை. ஊர் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்தது, நானும் மறுக்காமல் இருந்தேன். மூன்று ஆண்டு கழித்து, தம்பியின் திருமணத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணைக் கோத்தகிரிச் சந்தையில் பார்த்தபோது, வண்டியில் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று சொன்னேன். கேரட் பையைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணி, அன்னைக்கு நான் கணக்குக் கேக்கல. அவருக்குப் புது கம்பி வாங்கணும், கையில காசு இல்லைன்னு சொன்னாரு. அதான் கேட்டேன்” என்றார்.